சபியா உம்மாவை நான் உருவாக்கிய விதம்

போஞ்சி வாங்கும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் வரும். அந்தச் சொல்லை விட்டுப்போனவர்கள் ஒல்லாந்தர். அவர்கள் ‘போன்’ என்றார்கள், ஆங்கிலேயர் ‘பீன்’, ஜெர்மானியர் ‘போனே’. எல்லாவற்றுக்கும் தாய் ‘பௌனோ’ என்ற சொல். அதை யாரும் எழுதிவைக்கவில்லை. பிள்ளைகளின் சாயலை வைத்து அறிஞர்கள் தாயை உருவாக்கினார்கள். கல்முனையில் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்த எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

மரைக்கார், நீங்கள் கேட்டது றபீக்காவைப் பற்றி. சொல்கிறேன்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் அவளைக் கண்டெடுத்தோம். ஒரு வயதுக் குழந்தை. நானும் மனைவியும் வளர்த்தோம். பிறகு மனைவி மௌத்தானாள்; நானும் பிள்ளையும் மட்டும் மிச்சம். எழுபத்தொன்பதில் நிந்தவூர் ஜெமீல் பெண் கேட்டான். றபீக்காவுக்கும் விருப்பம். அப்போது பள்ளிவாசல் நிருவாகத்திலிருந்த மரைக்கார்கள் அவள் எந்தக் குடி, எந்த வம்சம் என்று கேட்டார்கள். நீங்கள் அறிந்ததுதான்: தாயின் குடியே பிள்ளைக்கும், ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை. தாய் யாரென்று தெரியாது. கண்டுபிடிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

கல்யாணம் முடிந்தால் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. நான் பின்வளவுக் குடிசைக்குப் போக வேண்டும். அதன் கூரை ஒழுகும். என்னிடம் நானூறு புத்தகங்கள் இருந்தன.

அவளுடைய மூக்கு, கழுத்தில் கிடந்த தாயத்து, வெள்ளம் வந்த திசை. இவற்றிலிருந்து சபியா உம்மா என்ற தாயை உருவாக்கி, ஜெமீலின் குடியில் வைத்தேன். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஜெமீல் வீட்டு வாசல் கடப்படிக்கு வந்தான்.

“மாஸ்டர்ர கதைய நீயும் நம்புறியா புள்ள?”

“எனக்கு உம்மா கிடைச்சிருக்கா. இனி இஞ்ச வராதீங்க காக்கா.”

உடன்பிறந்தவனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். அதன் பிறகு அவன் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மரைக்கார்கள் கேட்ட அடுத்த வாரமே வரிப்பத்தான்சேனையிலிருந்து ஸைனுலாப்தீன் என்பவர் வந்தார். வெள்ளத்தில் தங்கையையும் அவள் குழந்தையையும் பறிகொடுத்தவர். தாயத்தின் அடையாளத்தைச் சரியாகச் சொன்னார். தங்கையின் பெயர் நாச்சியா. அவர்களுடைய குடி ஜெமீலின் குடி அல்ல, வேறு. குழந்தை அந்த வருடமே காய்ச்சலில் மௌத்தாகிவிட்டது என்றேன். தேநீர் கொடுத்தேன். புதைத்த கபுறைப் பார்க்க வேண்டும் என்றார். சிறிய கபுறு ஒன்றைக் காட்டினேன். நெடுநேரம் அங்கேயே நின்றார்.

வியாழக்கிழமைகளில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு றபீக்கா சபியா உம்மாவுக்காக யாசீன் ஓதுகிறாள். ஏழு வருடமாகிறது. சில நாள் அந்த அறையில் இன்னொருத்தியும் மூச்சுவிடுவது கேட்கும். நான் எட்டிப் பார்ப்பதில்லை.

நாச்சியாவுக்காக யாரும் ஓதுவதில்லை. நான் ஓதலாம். ஆனால் அந்தப் பெயர் காதில் விழுந்தால் பிள்ளையின் மனம் நோகும். அது எனக்குத் தாங்காது.