ஒரு அட்டைப் பொட்டு

மதியம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"மைனி, என்ன வெறும் நெத்தியா வாரிய?" என்றாள் இளையவள்.

"ஒரு அட்டைப் பொட்டும் ஒடம்புலயே தீந்துட்டு, ஏளா."

ஜன்னலில் உப்பளங்கள் கனவு போல வெள்ளையாக நகர்ந்தன. மைனியின் பிடரியில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு தெரிந்தது.

"டாக்டரம்மாவுக்கு ஃபைப்ரோமயால்ஜியாவோன்னு சந்தேகம், ஒடம்பு பூரா வலிக்க நோவாம். எங்கெங்க வலிக்குன்னு பாத்து வரச் சொன்னாவ. அங்க போனா எனக்கு மறந்துரும்லா? அதான் வலிக்க எடமெல்லாம் பொட்டு ஒட்டுனேன். கழுத்து, தோளு, முழங்கை, இடுப்பு, முட்டி, எல்லாம் ரெண்டு பக்கமும்."

"முதுகுல?"

"கை எட்டல. ஒங்க அண்ணங்கிட்ட அட்டையக் குடுத்தேன்."

"அண்ணங்கிட்டயா? நீங்க நடிக்கியன்னுல்லா சொல்லிட்டுத் திரிஞ்சாவ!"

"அவியதான். நான் இங்கன, இங்கனன்னு சொல்லச் சொல்ல ஒட்டுனாவ. கடைசில ஒண்ணுதான் மிச்சம். 'இது நெத்திக்கு இருக்கட்டுமா'ன்னு கேட்டாவ. நான் நடுமுதுகுலயும் வலிக்குன்னுட்டேன்."

"பொறவு?"

"ஒட்டுனாவ. ஒட்டிட்டு ரொம்ப நேரம் கைய எடுக்கவே இல்ல."