தலையணையின் மூச்சு

நீங்கள் விசாரணைக்கு உட்கார்ந்திருக்கும் இந்த அறைக்கு நாற்காலி வாங்கியது நான்தான். கைப்பிடி இல்லாததாகப் பார்த்து வாங்கினேன். கை வைக்க இடம் கொடுத்தால் ஆள் சாய்ந்துகொள்வான். உங்களுக்கு முதுகு வலித்தால் சொல்லுங்கள், வேறு நாற்காலி போடச் சொல்கிறேன். எனக்கு வலிக்கவில்லை.

யார் செய்தது என்று கேட்கமாட்டோம், என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்றீர்கள். என் தம்பி மகள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. கம்பெனியைத் தொடங்கியவள் அவள். கட்டடம் எங்கள் குடும்பத்துடையது, நிர்வாகம் என் பொறுப்பு. கம்பெனி செய்யும் கருவிகளின் முகப்பில் எங்கள் அப்பாவின் பெயர் இருக்கிறது. தாத்தாவின் பெயரை வைத்த கையோடு, கூடத்தின் நடுவில் ஒரு வெண்கல மணியையும் தொங்கவிட்டாள்.

யார் கண்ணிலாவது ஒரு தவறு பட்டால், தன்னுடையதோ அடுத்தவருடையதோ, போய் அந்த மணியை அடிக்கவேண்டும். எல்லோரும் எழுந்து வருவார்கள். அவர் தவறைச் சொல்வார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். பிறகு உட்கார்ந்து ஏன், ஏன் என்று துருவிச் சரிசெய்வார்கள். தினமும் கொஞ்சமாவது மேம்படவேண்டுமாம். காபி மெஷினில் பால் பொங்கி வழிந்ததற்குக்கூட ஒருவன் மணியடித்தான். அதற்கும் கைதட்டல். எங்கள் அப்பா வீட்டில் தவறு செய்தவன் கதவைச் சாத்திக்கொண்டு திருத்திக்கொள்வான், பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. அப்படி வளர்ந்த யாரும் கெட்டுப்போகவில்லை.

கருவி என்பது மெத்தைக்கு அடியில் வைக்கும் ஒரு தட்டையான பலகை. படுத்திருப்பவரின் மூச்சு அசைவை உணர்ந்து சின்னத் திரையில் எண்ணாகக் காட்டும். மூச்சு நின்றால் வீடே எழுந்துகொள்ளும்படி அலறும்.

சோதனைப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். மேசை முழுக்க ஒயர் சிக்கிக் கிடக்கும் என்பதால் சிடுக்கு என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் காலை அவள் மணியை நோக்கிப் போகும்போது மறித்தேன். மருத்துவமனைக்காரர்கள் கருவியை வாங்குவதற்காகக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னம்மா, இன்னைக்கு என்ன பொங்கிருச்சு?" என்று கேட்டேன்.

"பால் இல்லைங்க ஐயா. கட்டில்ல ஃபேன் முட்டிக்கிட்டு இருந்தா, அந்த அதிர்வையே மூச்சுன்னு எடுத்துக்குது. ஆளே இல்லாம ஒரு தலையணையை வச்சுப் பார்த்தேன். அது என்னைவிட நல்லா மூச்சு விடுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண்ணில் சிரிப்பில்லை. வந்தவர்கள் முன்னால் எங்கள் அப்பாவின் பெயரைச் சந்தி சிரிக்க வைக்கவேண்டாம், பாப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். பாப்பா என்பது என் தம்பி மகள். பெரியவர் சொன்னால் சொன்னதுதான் என்று நம்புகிற பெண் சிடுக்கு. அடுத்த வாரம் அவளை வெளியூர்க் கிளைக்கு மாற்றினேன், பதவி உயர்வோடு. யாரையும் நான் கேவலப்படுத்தி அனுப்பியதில்லை. திருத்தும் வேலை நடக்கிறது என்று போனில் அவளிடம் சொன்னேன்.

பாப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளே ஓடிப்போய் மணியடித்திருப்பாள்.

என் தம்பியும் நானும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். நுரையீரல் கெட்டு அவன் படுக்கையில் விழுந்த பிறகு, முதலில் செய்து முடித்த கருவியைப் பாப்பா அவனுக்குத்தான் கொண்டுவந்து வைத்தாள். அவன் மூச்சு ஒரு நிலையில் இருக்காது. திரையில் எண் ஏறும், இறங்கும். இரண்டு முறை மூச்சடைத்தபோது கருவி அலறி, வீட்டோடு வைத்திருந்த நர்ஸ் ஓடிவந்து தூக்கி உட்காரவைத்து, ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள்.

அந்தப் பெண் சொன்னது என் மனதில் முள்ளாக இருந்தது. சந்தேகம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு பழி வந்தால் அது பொய் என்று நிரூபிப்பது குடும்பத்தில் மூத்தவன் கடமை. ஒரு மதியம் நர்ஸைச் சாப்பிட அனுப்பிவிட்டு, ஸ்டாண்ட் ஃபேனைத் தள்ளிக்கொண்டுபோய்க் கட்டில் காலோடு ஒட்டி நிறுத்தினேன்.

தம்பி கண்ணைத் திறந்தான். "அண்ணே, கட்டில் குலுங்குது. பஸ்ஸுல போற மாதிரி இருக்கு."

"பேசாம படு."

"சரி. டிக்கெட் நீ எடுத்துடு."

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு எல்லாம் விளையாட்டுதான்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கேயும் போகவில்லை. அதை நர்ஸும் சொல்லியிருப்பாள். திரையில் எண் கொஞ்ச நேரம் ஏறி இறங்கியது, பிறகு ஒரே இடத்தில் நின்றது. அவ்வளவு சீரான மூச்சை அவன் சமீபத்தில் விட்டதே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. நடுவில் அவன் கை கட்டிலிலிருந்து சரிந்து தொங்கியது. எடுத்து மேலே வைத்தேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நர்ஸ் வந்தாள். வாசலிலேயே நின்றாள், பிறகு போய் அவன் காலைத் தொட்டாள். "ஐயா, சில்லுன்னு இருக்காரே" என்றாள். மெஷினைப் பாரும்மா என்றேன். அவள் மெஷினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அப்போதுதான் ஃபேனை நகர்த்தினேன். கருவி அலறியது. தெருமுனை வரை கேட்டிருக்கும்.

மெஷின் அடித்தது, நாம்தான் பிந்திவிட்டோம் என்று பாப்பாவிடம் சொன்னேன். அடித்தது உண்மைதானே. வயதில் மூத்தவர் முன்னால் நர்ஸ் வாய் திறக்கவில்லை. பாப்பா கூடத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, அப்பாவுக்கு இது கடைசிவரை துணையிருந்தது என்று சொல்லி அழுதாள். அந்த மாதமே கருவிப் பெட்டிகள் பல ஊர்களுக்குப் போயின. அந்த வீடுகளில் ஃபேன் எங்கே இருந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். வீட்டுச் சாமான்களை ஒழுங்காக வைப்பது அவரவர் பொறுப்பு.

பிறகு இரண்டு வீடுகளிலிருந்து சாவுச் சேதி வந்ததும், சிடுக்கு பஸ் ஏறி வந்து மணியடித்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்காகவெல்லாம் நான் இங்கே வந்து உட்காரவில்லை. நேற்று பாப்பா மணியடித்தாள். "எங்கப்பா சாவுக்கு நான்தான் காரணம். நான் சரியா சோதிக்கல" என்றாள். வழக்கம்போல எல்லோரும் கைதட்டினார்கள், சிலர் அழுதுகொண்டே. எங்கள் வீட்டுப் பெண் செய்யாத தவறை ஊரார் முன்னால் தலையில் சுமந்து நின்றாள், அதற்குக் கைதட்டல். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆகையால் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவள் காரணமில்லை. சிடுக்கு சொன்னதை மறைத்தது நான். ஃபேனை வைத்ததும் நான், எடுத்ததும் நான். "பெரியப்பா, யாரும் உங்களைக் குத்தம் சொல்லமாட்டாங்க" என்று காலையில் வாசல்வரை வந்து சொன்னாள். யார் கேட்டார்கள் அந்தச் சலுகையை? குற்றம் சொல்ல ஆளில்லாத இடத்தில் மானத்துக்கும் இடமில்லை. போலீசைக் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள், எழுந்து நிற்க எனக்குக் கைப்பிடி தேவையில்லை. மணியை மட்டும் அடிக்கவேண்டாம்.

பக்கத்தில் இருந்தும் ஏன் ஒரு தடவைகூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை என்று கேட்கிறீர்கள். எதற்குப் பார்க்கவேண்டும்? திரையில் எங்கள் அப்பாவின் பெயருக்குக் கீழே அவன் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஃபேனை நகர்த்தும்வரை என் தம்பி நன்றாகத்தான் இருந்தான்.