எங்கள் தெருவுக்கு ஒரு வேகத்தடை

எங்கள் தெரு நேரான தெரு, ஐயா. அதுதான் அதற்குப் பிடித்த சனி. இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே குறுக்குவழியாகக் கிடப்பதால் அவசரக்காரர்கள் எல்லாரும் அதில்தான் பறப்பார்கள். என் பேத்தி இப்போதுதான் நடை பழகியிருக்கிறாள். கேட் திறந்திருந்தால் ஒரே ஓட்டம். ஒரு நாள் வேன் ஒன்று அவள் கவுன் படபடக்க உரசிக்கொண்டு போனது. வேகத்தடை வந்தே தீரவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எதிர்வீட்டு அண்ணனும் என்னோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். ரிட்டயரான பஸ் டிரைவர். தனிக்கட்டை. காலமெல்லாம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து காது போய்விட்டது. "வண்டி ஓட்டறவனுக்குப் புத்தி கால்ல இருக்கும்மா. மேடு வந்தாத்தான் தலைக்கு ஏறும்" என்று எல்லாரையும் சிரிக்க வைப்பார். ஒரு வீடு பாக்கியில்லாமல் சம்மதித்தார்கள்.

நகராட்சிப் பொறியாளர் உட்காரச் சொல்லி மரியாதையாகத்தான் பேசினார்.

"சம்மதம் மட்டும் போதாதும்மா. யாருக்காவது பலத்த அடி பட்டிருக்கணும். உங்க தெருவுல ஒரு கோழிகூட அடிபட்டதில்லையே."

"அப்ப யாராவது அடிபடணும்ங்கறீங்களா?"

"நானா சொல்றேன்? விதி சொல்லுதும்மா."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. விதி என்றால் விதிதான். எப்படியும் ஒருவருக்கு அடிபடத்தான் போகிறது, அது என் பேத்தியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். யாராக இருக்கலாம் என்று காய் நறுக்கிக்கொண்டே நிதானமாக யோசித்தேன். பிள்ளைகுட்டிக்காரர்களை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

அண்ணனுக்குக் கழுத்தும் சரியாகத் திரும்பாது. அதனால் தெருவைக் கடக்குமுன் என் வாசலைப் பார்ப்பார். வண்டி வரவில்லையென்றால் நான் 'வாங்க' என்று கையசைப்பேன். அவர் நல்லதுக்காக நானே ஏற்படுத்திய பழக்கம் அது.

கால் ஒடிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். மூன்று வேளையும் நானே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். தெருவில் முதலில் அழுதவள் நான். அது நடிப்பில்லை. துக்கம் ஆறுவதற்குள் வேகத்தடை போட்டு வெள்ளைக் கோடும் அடித்துவிட்டார்கள். வண்டிகள் இப்போது ஊர்ந்துதான் போகின்றன.

நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்களே, அந்தக் கார்க்காரன், அவனுடைய அம்மா நேற்று என் வாசலில் வந்து நின்றாள்.

"ஹாரன் அடிச்சேன், அடிச்சேன்னு எம்புள்ள புலம்பறான். நீங்க இங்கதானே நின்னீங்க, கேட்டுச்சாம்மா?"

கேட்டது. விடாமல் அடித்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன். செய்யாத குற்றத்துக்கு ஒருவன் கம்பி எண்ணக் கூடாது. நியாயம் தவறி நான் எதுவும் செய்ததில்லை.

கார் வரும் வேகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பார்த்துவிட்டுத்தான் கையசைத்தேன். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே தெருவில் இறங்கினார்.