யாளிக்கு நாலு காலா, ஆறு காலா?

தணிகை மலையடியில், தமிழ் மணக்கும் இம்மாலையில், தட்டுத் தடங்கலின்றி இந்தக் கூட்டத்தைத் தலைமையேற்று நடத்தும் வாசகர் வட்டத் தலைவியார், நூலகர் புஷ்பலதா அம்மையார் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என் குறிப்புச்சீட்டில் இருந்ததில் பாதியைப் பேசித் தீர்த்துவிட்ட ஆசிரியர் பாலசுப்பிரமணியன் அவர்களே! வெயில் தாழ்ந்ததும் வேலை முடித்து வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டோமா இல்லையா என்ற கவலையை அரைமணி நேரம் ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு என் முகம் பார்க்கும் இளைஞர்களே! கீழே வைக்காத இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் திருவாலங்காட்டுச் சுதாவின் பணிவான, கனிவான, இனிய வணக்கம்!

எனக்குத் தந்த தலைப்பு, 'கருநெருப்புக் கோட்டை: நூல் பெரிதா, படம் பெரிதா?' என்பது. ஐந்து பாகம், இரண்டாயிரத்து நானூறு பக்கம் கொண்ட நாவல் அது. அதை இரண்டே முக்கால் மணி நேரப் படமாக்கினார்கள். படம் வந்தது, பதற்றமும் வந்தது!

முருகன் சினம் தணிந்த ஊர் இது என்கிறோம். தணிந்திருந்த ஊரில், அன்பர்களே, அந்தப் படம் வந்த மறுநாள் சினம் எங்கிருந்து கிளம்பியது? தேநீர்க் கடையில் சினம்! பேருந்து நிலையத்தில் சினம்! படியேறுகிறவர் ஒரு கருத்து, படியிறங்குகிறவர் ஒரு கருத்து, நடுவில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர் இரண்டுக்கும் எதிராக ஒரு கருத்து! ஆர்.கே.பேட்டை நகரப் பேருந்தில் நடத்துநர் விசில் ஊத மறந்துவிட்டு, "அந்த சண்டை சீன் கிராஃபிக்ஸ் சொதப்பல்ங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததை இந்தக் காதால் கேட்டேன்.

இன்னொன்றும் கேளுங்கள். மலைக்கோயிலில் முடி காணிக்கை கொடுத்து, தலையில் சந்தனம் பூசி, குடும்பத்தோடு நேரே திரையரங்குக்கு வந்த ஒருவரிடம் படம் எப்படி என்றேன். "மயிர்க்கூச்செறியும் காட்சிகள்னு போஸ்டர்ல போட்டுக்கிறாங்க. நமக்குத்தான் இப்ப அந்த வசதி இல்லீங்களே" என்றார்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தக் கருத்துப் போரில் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது தெரியுமா? நின்றுபோக இருந்தது யார் வீட்டுக் கல்யாணம்? எங்கள் வீட்டுக் கல்யாணம்! என் அண்ணன் மகள் யுவஸ்ரீயின் கல்யாணம்!

என் அண்ணன் சந்திரமோகன் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். திருவாலங்காட்டில் நெல்லும் கரும்பும் பயிரிடுகிறவர். பக்கத்தில் இருப்பவர் சம்பந்தி பரசுராமன், ஆர்.கே.பேட்டையில் வேர்க்கடலை போடுகிறவர். இருவரிடமும் அனுமதி வாங்கித்தான் பேசுகிறேன். "எல்லாத்தையும் சொல்லு, ஆனா சுருக்கமா சொல்லு" என்றார் அண்ணன். முதல் பாதியை நிறைவேற்றுகிறேன்.

நிச்சயதார்த்த நாள். ஞாயிற்றுக்கிழமை முற்பகல். மாப்பிள்ளை வளவன் வேட்டியில் நெளிந்துகொண்டிருக்கிறான். யுவஸ்ரீ பட்டுப்புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. நல்ல நேரம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம். எதையாவது பேச வேண்டுமே என்று பரசுராமன் வாய் திறந்தார்.

"சம்மந்தி, கருநெருப்புக் கோட்டை பாத்துட்டீங்களா? யாளி பறந்து வருது பாருங்க, அப்பப்பா!"

அண்ணன் முகம் கறுத்தது. "யாளியாங்க அது? புக்குல யாளிக்கு ஆறு காலு. படத்துல நாலு காலு. ரெண்டு கால எங்க வுட்டுட்டு வந்தானுங்க?"

"ஆறு காலு வெச்சா பறக்கும்போது எங்க மடிக்கிறதாம்?"

"எழுதனவருக்குத் தெரியும் எங்க மடிக்கணும்னு!"

"எழுதிட்டுப் போயிட்டாரு. பறக்க வெக்கிறவனுக்குல்ல கஷ்டம் தெரியும்?"

அன்பர்களே! நாலு காலா, ஆறு காலா? உலகத்தில் எவர் கண்டார் யாளியை? கோயில் தூணில் கல்லாய் நிற்கிற விலங்கு அது. அதன் காலுக்காக, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த இரு பெரிய மனிதர்கள் கால் தரையில் ஊன்றி எழுந்து நின்றார்கள்! பெண் வீட்டார் எல்லாரும் ஆறு கால் கட்சி. மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் நாலு கால் கட்சி. அதில் பாதிப் பேர் படமும் பார்க்கவில்லை, நூலும் படிக்கவில்லை!

"கத புரியாத ஆளுங்க வீட்டுல எம் பொண்ணு எப்பிடி இருப்பா?" என்று அண்ணன் கேட்டுவிட்டார். "அப்ப தட்ட எடுங்க, நாங்க கெளம்பறோம்" என்று சம்பந்தி துண்டை உதறிவிட்டார். யுவஸ்ரீ கண் கலங்கி, "நைனா, போதும் நைனா" என்கிறாள். யார் காதில் விழுகிறது?

"யாளிய வுடுங்க!" அண்ணன் விடவில்லை. "முடிவயே மாத்திட்டானுங்களே, அதுக்கு என்னா சொல்றீங்க?"

அப்போதுதான், அதுவரை வாய் திறக்காமல் இருந்த மாப்பிள்ளையின் தாயார் பாஞ்சாலி அம்மாள் பேசினார். அவர் பிறந்த ஊர் நகரிப் பக்கம். படத்தைத் தெலுங்கில் பார்த்தவர். எந்தக் கட்சியிலும் சேராதவர். சண்டைக்காக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அப்ப புக்குல முடிவு என்னா அண்ணா?"

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

கேட்ட கேள்வி காதில் விழவில்லையோ என்று அந்த அம்மாள் மறுபடி கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு உள்ளறைக்குப் போனார். அலமாரி திறக்கும் ஓசை கேட்டது. ஒரு கனத்த புத்தகத்தோடு வெளியே வந்தார். கருநெருப்புக் கோட்டை, ஐந்தாம் பாகம். அச்சகத்தில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "நான் படிக்கல. படத்துலயும் இடைவேளைக்கு அப்புறம் நான் உள்ள போவல. மாத்திட்டாங்கன்னு பேசிகினாங்க. நானும் சொன்னேன்."

அன்பர்களே, இங்கே நான் என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னம்மாள் என்று பெயர். எங்கள் குடும்பத்தில் வாசகர் என்றால் அவர் ஒருவர்தான். மளிகை கட்டி வரும் தாளைக்கூட நீவி எடுத்துப் படித்துவிட்டுத்தான் கசக்குவார். என் அண்ணனோ, உரமூட்டையின் மேல் எழுதியிருப்பதைத் தவிர எதையும் படித்தறியாதவர். மூன்று வருடங்களுக்கு முன் அண்ணி நோயில் விழுந்தார். பார்வை மங்கிப் போனது. "எழுத்து ஓடுதுங்க, புடிக்க முடியல" என்றார். அப்போது அண்ணன் புத்தகத்தைக் கையில் எடுத்தார். எழுத்துக் கூட்டிக் கூட்டி, தடுக்கித் தடுக்கி, மருத்துவமனைக் கட்டிலின் பக்கத்தில் அமர்ந்து உரக்கப் படித்தார். எட்டு மாதம். நான்கு பாகம். ஐந்தாம் பாகத்தை வாங்கிக்கொண்டு அவர் மருத்துவமனைக்குப் போன காலையில், அன்பர்களே, கேட்பதற்கு அண்ணி இல்லை.

பிரிக்காத அந்தப் புத்தகத்தைத்தான் அண்ணன் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அதோடு யாளியும் இல்லை, காலும் இல்லை. கிளம்புகிறேன் என்று துண்டை உதறினாரே பரசுராமன், அவர் அண்ணன் அருகே போனார். புத்தகத்தை வாங்கினார். உறையோடு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அண்ணனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சம்மந்தி, மொதல்ல தட்ட மாத்துவோம். நேரம் போவுது. இத வர்ற ஞாயித்துக்கெழம பிரிப்போம். நீங்க படிங்க. நான் கேக்கறேன்."

"நீங்க எதுக்குங்க?"

"கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல?"

தட்டு மாறியது! கைதட்டுங்கள், தாய்மார்களே, நான் அன்றைக்கே கைதட்டினேன்!

சொன்ன சொல் மாறாமல் ஆறு ஞாயிற்றுக்கிழமை வந்தார் மனிதர். வண்டியில் ஒரு பை வறுத்த வேர்க்கடலையோடு வருவார். அண்ணன் படிப்பார், இவர் கடலை உரித்துக்கொண்டு கேட்பார். சும்மா கேட்பாரா? "இந்த எடத்துல படத்துல ஒரு பாட்டு வரும் சம்மந்தி" என்று நிறுத்திப் பாடிக் காட்டுவார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். பாட்டு முடிந்ததும் போர் தொடரும்.

ஆறாம் ஞாயிறு. கடைசி அத்தியாயம். நாவலில் நீலாம்பல் என்று ஒரு ஓடக்காரி. கோட்டையில் அடைபட்ட மக்களையெல்லாம் வெள்ளத்தில் அக்கரை சேர்க்கிறாள். கடைசிப் படகைச் செலுத்திக்கொண்டு போனவள், திரும்பவே இல்லை. நூல் அங்கே முடிகிறது. அண்ணன் புத்தகத்தை மூடினார். மூடிய அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார். நான் சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்தேன். சம்பந்தி கடலைத் தோலை ஒதுக்கிவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"படத்துல அவ திரும்பி வருவா, சம்மந்தி."

"என்னா சொல்றீங்க?"

"ஆங். கடேசில படகு கரைக்கு வரும். மாத்திட்டாங்கன்னு சொன்னீங்களே, அதத்தான் மாத்திக்கிறாங்க."

அந்தப் புதன்கிழமை மதியக் காட்சிக்கு மூவரும் போனோம். படம் தூக்கப்போகிற வாரம். அரங்கில் மொத்தம் ஒன்பது பேர். இடைவேளை வந்தது. அண்ணன் எழுந்து வெளியே போனார். முறுக்கு வாங்கிக்கொண்டு, இம்முறை திரும்ப உள்ளே வந்தார்! வெள்ளம் வடிந்தது. திரையில் மூடுபனி. அதற்குள்ளிருந்து ஒரு துடுப்பு, ஒரு படகு, ஒரு பெண். அண்ணன் முறுக்கோடு எழுந்து நின்றுவிட்டார். பின்னாலிருந்த ஒருவர், "யோவ் உக்காருய்யா, மறைக்குது!" என்றார். அண்ணனுக்கு அது கேட்கவில்லை.

"சுதா, சின்னம்மா டெய்லி இதத்தாம்மா கேப்பா" என்றார். "'அந்தப் படகுக்காரி பொழச்சிக்குவா இல்ல? அஞ்சாம் பாகத்த வாங்கி, கடேசிப் பக்கத்தப் பாத்துச் சொல்லேன்'னுவா. நான் பாக்க மாட்டேன்னுட்டேன். வரிசையாத்தான் படிக்கணும்னுட்டேன்."

நூலைக் கெடுத்த படம் என்று ஊரெல்லாம் ஏசிய மனிதர், நாவலில் கிடைக்காத ஒன்றை அந்தப் படத்தில் கண்டார்.

இதோடு சுபம் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! வெளியே வந்ததும் சம்பந்தி ஆரம்பித்தார். "சம்மந்தி, நீங்க படிச்சிக் காட்டுனப்புறம் யோசிச்சேன். புக்குதான் சரி. ஆத்துல போனவ எப்பிடித் திரும்பி வருவா? படத்துல ஏமாத்திட்டானுங்க."

"என்னாங்க ஏமாத்து? அவ வந்தாதாங்க கத நாயம்! அந்த எழுத்தாளருக்கு ஈரம் இல்ல!"

கட்சி மாறிவிட்டார்கள், அன்பர்களே! நூல் கட்சித் தலைவர் படக் கட்சியில்! படக் கட்சித் தலைவர் நூல் கட்சியில்! தாலி கட்டும் நேரத்தில்கூட மணமேடையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கையசைத்து வாதாடினார்கள். புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "நான் இன்னும் பார்க்கலை, முடிவைச் சொல்லிடாதீங்கோ" என்று கெஞ்சினார்!

என்ன சம்பந்தி, தலையாட்டுகிறீர்கள்? நடந்ததைத்தானே சொன்னேன்?

எனவே, நூல் பெரிதா படம் பெரிதா என்ற கேள்விக்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பிடித்தது என்று சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள்! பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அதைவிட உரக்கச் சொல்லுங்கள்! ஆனால் எதிரே ஒருவர் கோபத்தில் கொதிக்கிறாரா? நட்சத்திரம் எத்தனை கொடுத்தீர் என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் நின்றுபோனீர் என்று கேளுங்கள். யாருக்காகப் படித்தீர் என்று கேளுங்கள். யாரோடு பார்த்தீர், யார் இல்லாமல் பார்த்தீர் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்காருங்கள். எட்டு மாதம் ஒருவர் படித்தார்; ஆறு வாரம் ஒருவர் கேட்டார். கதை அங்கே வாழ்ந்தது, அன்பர்களே, அந்த இருவருக்கு நடுவில் வாழ்ந்தது!

தலைவியார் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்துப் பேச வருகிறவர் தண்ணீர் குடித்துத் தயாராகிவிட்டார். பொறுமையாய்ச் செவிமடுத்த பெரியோர்க்கும், இடையிடையே சிரித்து என்னைக் காப்பாற்றிய தாய்மார்க்கும், ஒலிபெருக்கியைக் கூவ விடாமல் பார்த்துக்கொண்ட அன்பருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, வாய்ப்பளித்த வாசகர் வட்டத்துக்கு வாழ்த்துச் சொல்லி, என் இருக்கைக்குப் போகிறேன். வணக்கம்!