பாதிச் சுரைக்காய்

– மாடு எங்கக்கா? மொதல்ல மாடு எங்கன்னு சொல்லுங்க!

– இன்னாடி செவ்வந்தி இது... வேலிப் படலத் தள்ளிக்கினு இப்பிடி ஓடியார? காலுல செருப்புகூட இல்லாம...

– மாடுக்கா!

– கொல்லையில கட்டிக் கீது. படுத்து அசை போட்டுக்கினு கீது. அதுக்கு இன்னா இப்போ?

– நல்லாக் கீதா? வாயில நுரை கிரை தள்ளலியே?

– நல்ல வாய் வெச்ச போ! ஏழு மாச சினை அது. காலையில சுரக்கா குடுத்துட்டுப் போனவ, உச்சி வெயில்ல வந்து மாட்ட நலம் விசாரிக்கிற...

– அந்தச் சுரக்காதான்க்கா. பாதி அரிஞ்சி உங்களுக்குக் குடுத்தேனே, அத இன்னா பண்ணீங்க?

– இன்னா பண்ணுவாங்க? கூட்டு வெச்சேன்.

– கூட்டா...

– ஆமா. பயத்தம்பருப்பு போட்டு.

– எப்பிடிக்கா இருந்துச்சி?

– நல்லா இருந்துச்சி. உன் தோட்டத்துக் காயிக்கு இன்னா கொறச்சல்?

– செரி... செரிக்கா. நீங்க எப்பவும் அப்பிடித்தான் சொல்லுவீங்க. தோலு எங்க? மாட்டுத் தொட்டில கொட்டிட்டீங்களா?

– கூடையில கீது. இனிமேதான் கொட்டணும்.

– கொட்டாதீங்க! அப்பாடா... ஏசப்பா, உனக்கு ஸ்தோத்திரம்.

– பேஜார் பண்ணாம வெவரத்தச் சொல்லு. சுரக்கா தோலுக்கு எதுக்குடி ஸ்தோத்திரம்?

– காய் கசப்புக்கா. என் பாதிய இப்பத்தான் கொழம்புக்கு நறுக்கினேன். ஒரு துண்டு நாக்குல வெச்சேன் பாருங்க... துப்பிட்டு, ஒரு கொடம் தண்ணியில கொப்புளிச்சும் போவல. கசந்த சுரக்கா வெசம்க்கா!

– ஆரு சொன்னது?

– போன வருசம் அங்கன்வாடி மீட்டிங்ல நர்சம்மா படிச்சிப் படிச்சி சொன்னாங்க. ஒரு வாய் கசந்தாலே துப்பிடணுமாம். உள்ள போனா ரத்தமா வாந்தி வருமாம். மனுசாளுக்கே அப்பிடின்னா வாயில்லா சீவன் இன்னா ஆவும்... இன்னாக்கா, மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சி?

– வெசமா?

– வெசந்தான். நீங்க எதுக்கு இப்பிடி பயப்படறீங்க...

– செவ்வந்தி... அர மணி நேரமா எனக்கு வயித்துல ஏதோ பொரளுது. வெயிலுன்னு நெனச்சிக்கினு கீறேன்.

– யக்கா! நெசமாவே தின்னீங்களா?

– அது இன்னாடி நெசமாவே?

– இல்ல... எவ்ளோ தின்னீங்க?

– ஒரு கிண்ணம். ரெண்டாந்தபா கொஞ்சம் போட்டுக்கினேன்.

– ரெண்டாந்தபாவா! கசக்கலியா?

– கசந்துச்சி.

– கசந்துச்சின்னா ஏன்க்கா முழுங்கினீங்க! வேப்பெண்ண குடிச்சாப்ல இருந்திருக்குமே!

– கத்தாத... தல சுத்துது. கொஞ்சம் உள்ள வா.

– உள்ளயா? நானா?

– வேற ஆரு கீறாங்க இங்க? கண்ண இருட்டிக்கினு வருதுடி...

– கொல்லப் பக்கமா சுத்தி வரட்டாக்கா?

– முன்வாசல்லயே வா! வந்து புடி என்னிய... உவ்...

– வந்துட்டேன், வந்துட்டேன். வாந்தி எடுங்க, எல்லாத்தையும் எடுத்துடுங்க. என் மேல பட்டா பட்டுட்டுப் போவுது. ... அலோ, யோவ் டேனியலு! ஆட்டோ எங்க கீது? சவாரிய அங்கயே எறக்கி வுட்டுட்டு ஜெயம்மாக்கா வூட்டுக்கு வா. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கி. ஆமாய்யா, முன்வாசலுக்கே வா!

– புருசன்கிட்ட ஏன்டி அப்பிடி கத்தற...

– புருசன்தானே, கத்தினா ஒண்ணும் ஆவாது. என் மேல சாஞ்சிக்குங்க. வேற ஆராவது தின்னாங்களா?

– ஆரு கீறா? இந்த வூட்டுக்கு நான் ஒருத்திதானே...

– கண்ண மூடாதீங்கக்கா. பேசிக்கினே இருங்க. ... இன்னாக்கா அது, செவப்பா?

– ரத்தமாடி?

– ஈஸ்வரா!

– நீ ஏசுவ இல்ல கூப்புடுவ...

– ரெண்டு பேரும் வரட்டும்க்கா!

*

– யோவ், பள்ளத்துல பாத்து ஓட்டு. அக்காவுக்குக் குலுங்குது பாரு.

– ரோட்ட நான் போடல செவ்வந்தி. யக்கா, கால நல்லா நீட்டிக்குங்க. உங்க வண்டின்னு நெனச்சிக்குங்க.

– டேனியலு... சீட்டெல்லாம் நாசம் பண்ணிட்டேன்ப்பா.

– கழுவுனா போவுது. நாளைக்கி நீங்களே வந்து பாருங்க, பளபளன்னு வெச்சிருப்பேன்.

– நாளைக்கி இருப்பனா?

– இன்னா பேச்சுக்கா இது! நீ ஓட்டுய்யா, ஆரன அடிச்சி ஓட்டு!

*

– முழிச்சிட்டீங்களா? கைய ஆட்டாதீங்க, குளுக்கோஸ் ஏறிக்கினு கீது.

– மணி இன்னா?

– நாலரை. நேரத்துக்கு இட்டாந்ததால பொழச்சீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இன்னும் ரெண்டு நாள் பெட்டுலயே இருக்கணுமாம். உங்க புள்ள சுகுமாருக்கு போன் போட்டுட்டேன். ஒரகடத்துலேர்ந்து வந்துக்கினு கீது.

– மாடு?

– அவரு போயி தண்ணி காட்டிட்டாரு. தோலு, மீதிக் கூட்டு எல்லாத்தையும் குழி தோண்டி பொதச்சிட்டாரு. எங்க கொடியையும் வேரோட புடுங்கிப் போடச் சொல்லிட்டேன். ... யக்கா, என்னிய மன்னிச்சிடுங்க. ருசி பாக்காம குடுத்துட்டேன்.

– நீ இன்னா பண்ணுவ...

– கொடி ரெண்டு வாரமா தண்ணியில்லாம காஞ்சி கெடந்துச்சிக்கா. அப்பிடிக் காஞ்சா கசந்துடுமாம்.

– தண்ணி ஏன் வுடல?

– அது... நேரமில்ல.

– எனக்குக் காய்ச்சலுன்னு ரெண்டு வாரம் என் மாட்டுக்குப் புல்லறுத்துப் போட வந்தியே. அதாலயா?

– அத்த வுடுங்கக்கா. நீங்க சொல்லுங்க, அவ்ளோ கசப்ப எதுக்கு முழுங்கினீங்க? டாக்டரம்மாவே நம்பாம ரெண்டு தபா கேட்டாங்க.

– கிட்ட வா. பக்கத்து பெட்டுக்கு கேக்கப் போவுது.

– வந்தேன், சொல்லுங்க.

– இன்னிக்கிதான்டி மொத மொதல்ல தின்னேன்.

– சுரக்காயவா?

– நீ குடுத்தத. பன்னெண்டு வருசமா அவரக்கா, கத்திரிக்கா, மொளக்கீர... வேலிக்கு அந்தாண்ட நின்னுக்கினு முந்தானையிலேர்ந்து எடுத்து நீட்டுவ. நானும் வாங்கிக்குவேன். ஒண்ணுகூட என் அடுப்புல ஏறல செவ்வந்தி. காலனி வூட்டுல குளிச்ச தண்ணியில வளந்ததுன்னு எங்க மாமியார் சொல்லி வெச்சிது. அது போயி ஒம்பது வருசம் ஆச்சி, அது சொன்னது என்னிய வுட்டுப் போவல. சந்தையில ஆரு வெளைச்சதுன்னு கேக்காம வாங்கித் தின்றேன். நீ கையில குடுத்தா மட்டும்... எல்லாத்தையும் மாட்டுத் தொட்டில கொட்டினேன். கொட்டிட்டு, நல்லா இருந்துச்சின்னு உங்கிட்ட சொன்னேன்.

– இப்ப எதுக்குக்கா அதெல்லாம்... ஒடம்பு செரியாவட்டும்...

– குறுக்க பேசாத, அப்புறம் எனக்கு வாய் வராது. காய்ச்சல்ல கெடந்தப்ப வாசலுக்கு வெளிய நின்னுக்கினு, கஞ்சி குடிச்சீங்களான்னு மூணு வேளையும் கேட்டுட்டுப் போன. பெத்த புள்ள ஒரு போனு போட்டான், அவ்ளோதான். உள்ள வான்னு ஒரு வார்த்த உன்னக் கூப்புட்டனா நான்?

– நான் ஒண்ணும் நெனச்சிக்கலக்கா.

– நான் நெனச்சேன். இன்னிக்கி காலையில நம்ம திருப்புலிவனத்துக் கோயிலுக்குப் போயி, ஈஸ்வரன் எதுக்க நின்னு, இனிமே அவ குடுத்தா திம்பேன்னு சொல்லிட்டு வந்தேன். வந்து பாத்தா படலாண்ட நீ சுரக்காயோட நிக்கிற. எனக்கு ஒடம்பே சிலிர்த்துடுச்சி. கூட்டு வெச்சேன். மொத வாயே கசந்துச்சி.

– துப்பியிருக்கக் கூடாதாக்கா...

– எப்பிடித் துப்புவேன்? இத்தினி வருசம் பொய் சொன்ன வாய்க்கு சாமி குடுக்கிற தண்டனைன்னு நெனச்சேன். அதான் ரெண்டாந்தபாவும் போட்டுக்கினேன். இன்னாடி அழுவுற? திட்டணும்னா திட்டிடு. எனக்கு ஒண்ணு ஆயிடப் போவுதுன்னு, பாவம், அந்த வெயில்ல செருப்புகூடப் போடாம ஓடியாந்தியே...

– யக்கா... புல்லறுத்துப் போடறவளுக்குத் தொட்டில இன்னா கெடக்குதுன்னு தெரியாதா? நீங்க எங்க திம்பீங்க... நான் உங்களுக்காவ ஓடியாரலக்கா. மாடு சினையாக் கீதேன்னுதான் ஓடியாந்தேன்.