ரெண்டாவது மெழுகுவத்தி

இல்ல மேடம், தண்ணியெல்லாம் வேண்டாம். சண்டை போடவும் வரல. கதவை மட்டும் சாத்திக்கிறேன். என் பொண்ணு கீழ உங்க வகுப்புலதான் உக்காந்திருக்கா, நான் வந்தது அவளுக்குத் தெரியாது.

ஏன் மேடம், அன்னைக்கு உங்க கவுன்சலிங் கிளினிக்ல நான் அழுதுக்கிட்டே சொன்னதைப் பாடமா நடத்திட்டீங்களே? பேரைச் சொல்லலையா? சரி. ஊரை மாத்துனீங்க. பொண்ணைப் பையனாக்குனீங்க. தையல்காரி என்னைப் பேங்க் ஆபீசராக்கிட்டீங்க, அதுக்கு ஒரு கும்பிடு. அந்த மெழுகுவத்தியை மட்டும் ஏன் மாத்தல?

அவ என் பொண்ணுன்னே தெரியாதா? கோவிச்சுக்காதீங்க, நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல.

போன வாரம் வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்றா. அம்மா, இன்னைக்கு வகுப்புல ஒரு கேஸ் குடுத்தாங்க. ஒரு அம்மா, பிள்ளையைத் தத்தெடுத்து வளத்துட்டு, அதுகிட்டயே சொல்லாம மறைச்சுட்டாங்களாம். பொறந்தநாளுக்குப் பொறந்தநாள் ரெண்டு மெழுகுவத்தி ஏத்துவாங்களாம். ஒண்ணு பிள்ளைக்கு, ஒண்ணு பெத்தவளுக்கு. இப்பவாச்சும் சொல்லணுமா, வேண்டாமா?

நான் கத்தியைக் கீழ வெச்சுட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன் மேடம்.

முன்பெஞ்சு பையன் சொல்லியே ஆகணும்னானாம். இன்னொருத்தி, அந்தம்மா சுயநலக்காரின்னாளாம். அம்புட்டுப் பேர் சொன்னதையும் ஒப்பிச்சா. தான் என்ன சொன்னான்னு மட்டும் வாயைத் திறக்கல. நானும் கேக்கல, கேட்டா மாட்டிக்குவேனே. அதுலருந்து அவ சிரிச்சாலும் சந்தேகம், சிரிக்கலைன்னாலும் சந்தேகம். சாமி கும்பிடும்போதுகூட, என்னையே பாக்குறாளோன்னு ஒரு கண்ணைத் திறந்து பாத்துக்குறேன். சாமி என்ன நெனைக்குமோ.

அதைக் கேக்கத்தான் வந்தேன். அவ என்ன சொன்னா?

ஒண்ணுமே பேசலையா? எந்திரிச்சு வெளிய போயிட்டாளா?

அப்படியா.

சின்னதுல ஒரு தடவை கேட்டிருக்கா, இந்த ரெண்டாவது யாருக்கும்மான்னு. தூரத்துச் சொந்தத்துக்குன்னு சொல்லி வெச்சேன். அப்புறம் கேட்டதே இல்ல.

இன்னைக்குத்தான் மேடம் அவ பொறந்தநாள். பயந்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் ஏத்துனேன். குளிச்சுட்டு வந்து நின்னு பாத்தா. அலமாரியைத் தொறந்து இன்னொண்ணை எடுத்தா. எரியுறதுலயே பத்தவெச்சு, பக்கத்துல நட்டு வெச்சா. தூரத்துச் சொந்தத்தை மறந்துட்டியேம்மா, நேரமாச்சு, டிபனை எடுத்து வையின்னா.