ஐந்தாவது ஏன்

— எனக்கு அவதான் ஜோடி, பிரகலாத் சார். வேற யாரோடயும் உக்கார மாட்டேன்.

— நீலவ்வா, பயிற்சி தர்றவன் நானா நீங்களா? ஜோடிய நான்தான் சீட்டு எடுத்துச் சேப்பேன். கடைசி நாள் அதுவுமா கலாட்டா பண்ணாதீங்க. மத்தியானம் கடை ஒதுக்கற குழுவுல இருந்து ஆளுங்க வந்துருவாங்க. பஸ் ஸ்டாண்டு கடை யாருக்குன்னு இன்னைக்கே சொல்லிருவாங்க.

— அதுக்குத்தான் சொல்றேன் கேட்டியளா. கடை போறதுக்குள்ள அவ வாயிலருந்து ஒரு வார்த்தை வரணும். இந்த ஹால்ல இருக்கற முப்பது பொம்பளைங்களும் அதக் கேக்கணும்.

— யாரு அவங்க?

— அந்தா, பச்சப் புடவையக் கட்டிக்கிட்டு ஒண்ணும் தெரியாதவ மாதிரி குனிஞ்சு எழுதறாளே, சிவலீலா. திருடி.

— நீலவ்வா! வார்த்தைய அளந்து பேசுங்க.

— அளந்துதான் பேசறேன். மொத மாசம் என்ன சொன்னீங்க? டிசைன் திங்கிங்குன்னா மொதல்ல அடுத்தவங்க கஷ்டத்தக் காது குடுத்துக் கேக்கறதுன்னு சொன்னீங்க. சொல்லிட்டு இவளக் கொண்டாந்து என் எதிர்ல உக்கார வச்சீங்க. நானும் வெள்ளந்தியா எல்லாத்தையும் கொட்டினேன். சோள ரொட்டியக் கட்டி வெளியூருக்கு அனுப்பினா பொடியாப் போயிடும், ஆனா என் ரொட்டி உடையாதுன்னு சொன்னேன். ஏன் உடையாதுன்னும் சொன்னேன். அம்புட்டும் கேட்டுக்கிட்டு ஒரு வார்த்த பேசல. போன வாரம் அதே ரொட்டியத் தட்டுல அடுக்கிக்கிட்டு மேடையேறினா. நீங்களும் சூப்பர் சூப்பர்னு கை தட்டினீங்க.

— அந்த வளைஞ்ச ரொட்டியா?

— அதேதான். கல்லுலருந்து எடுத்ததும் கவுத்த பானை மேல போட்டா பானை மாதிரியே வளைஞ்சு காயும். ஒண்ணுக்குள்ள ஒண்ணா உக்காந்துக்கும். எப்படித் தூக்கிப் போட்டாலும் அசையாது. பத்து வருஷம் முன்னால ஒரு சோலியா வெளியூர் போய்ட்டு பஸ்ல வர்றேன். ரோடா அது? குடல் வாய்க்கு வந்துரும். மடியில துண்டுல கட்டின பன்னெண்டு ரொட்டி. வீட்டுல வந்து பிரிக்கறேன், ஒண்ணு கூட உடையல சார்! அன்னைக்குத்தான் என் மூளையில பொறி தட்டிச்சு. அதுல பொழப்பு ஓட்டித்தான் ரெண்டு பிள்ளைங்களப் படிக்க வச்சேன். என் சாமி யல்லம்மா சாட்சி.

— சரி, இப்ப என்ன பண்ணணுங்கறீங்க?

— இன்னைக்கு அந்த அஞ்சு ஏன் பாடம்தானே? அத நான் அவகிட்ட நடத்தறேன். உங்க பாடத்த வச்சே அவ தோல உரிச்சு இந்தச் சுவத்துல காயப் போடறேன்.

— இது சண்டைக்கு உண்டான பாடம் இல்லம்மா...

— நான் உக்காரறேன் சார்.

— சிவலீலா, உங்களுக்குக் கட்டாயம் ஒண்ணுமில்ல.

— பரவால்லிங்க சார். அக்கா ஆசைப்படறாங்க, கேக்கட்டும்.

— பாத்தியளா கொழுப்ப! வா, வந்து உக்காரு. கண்ணப் பாத்துப் பேசு.

— சட்டத்த ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. கேக்கறவங்க அஞ்சு தடவ ஏன்னு கேக்கணும். முந்தின பதிலப் புடிச்சுத்தான் அடுத்த ஏன் வரணும். சொல்றவங்க உண்மையத்தான் சொல்லணும். ஒவ்வொரு பதிலையும் மஞ்சச் சீட்டுல எழுதி நான் சுவத்துல ஒட்டுவேன். அஞ்சாவது மட்டும் சிவப்புச் சீட்டு, அதுதான் வேர். வேரக் காணாம எழுந்திரிக்கக் கூடாது. ஓகேங்களா?

— ஓகே சார்.

— அவ என்ன ஓகே சொல்றது, நான் சொல்றேன் ஓகே. மொதல் ஏன். என் ரொட்டிய ஏன்டி உன்னுதுன்னு சொல்லி மேடையேத்தின?

— அது என்னோடதுங்கறதாலதான்கா.

— கேட்டியளா! எல்லாரும் கேட்டியளா! அப்பட்டமாப் பொய் சொல்றா.

— நீலவ்வா, கேக்கறவங்க தீர்ப்பு சொல்லக் கூடாது. ஒண்ணு எழுதிட்டேன். அடுத்தது கேளுங்க.

— உன்னோடதுன்னா, நான் அன்னைக்கு உன் எதிர்ல உக்காந்து மூச்சு விடாமச் சொன்னப்ப ஏன் ஊமக் கோட்டான் மாதிரி உக்காந்திருந்த?

— கேக்கறவ வாயத் தொறக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருந்தாரு. அதுவுமில்லாம, நீங்க மொதல்லருந்து கடைசி வரைக்கும் உங்க வாயாலயே சொல்லணும்னு காத்திருந்தேன். பஸ்ஸ சொன்னீங்க. துண்ட சொன்னீங்க. பன்னெண்டுன்னு கணக்கும் சொன்னீங்க. அப்புறம் எனக்கு ஒண்ணும் கேக்க வேண்டியது இல்லாமப் போச்சு.

— என்னது, புதிர் போடறியா? சார், இவ பேச்ச மாத்தறா.

— மாத்தலக்கா. மூணாவது ஏன் கேளுங்க.

— நான் சொல்றதுக்கு நீ ஏன்டி காத்திருக்கணும்?

— பத்து வருஷமா எங்க ஊர்ல என் பேரு சிவலீலா இல்லக்கா. ஓட்டு ரொட்டின்னுதான் கூப்பிடுவாங்க. தண்ணிக் குழாய்கிட்ட நின்னா, ஏய் ஓட்டு ரொட்டி, கூரை ஒழுகுது கொஞ்சம் ஏறி மூடுன்னு சிரிப்பாங்க. அந்தப் பேர வச்சவங்கள ஒரே ஒரு நாள் நேருக்கு நேர் பாக்கணும்னு இருந்தேன். மன்னிக்கறதுக்கு இல்ல. பொய் சொல்ல மாட்டேன், சார் சட்டம் போட்டிருக்காரு. அவங்க எதால நிமிந்து நிக்கறாங்களோ அதப் புடுங்கிக்கணும்னுதான் பாக்க நெனச்சேன்.

— சிவலீலா... இதையும் எழுதட்டுமா?

— எழுதுங்க சார். கொட்டை எழுத்துல எழுதுங்க.

— நாலாவது, நீலவ்வா.

— இது என்னவோ வேற கதையால்ல இருக்கு. சரி. உன்னை ஏன் அப்படிக் கூப்பிட்டாங்க?

— இல்கல் ஊர்ல எங்க வீட்டுக்கு என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளை, அவரு அம்மா, அக்கா. வர்றவங்களுக்கு ரொட்டி நம்ம கையாலதானே சுடணும்? எங்கம்மா செத்த வருஷம் அது. சூடா எடுத்து வைக்கத் தட்டு இல்ல. கவுத்த பானை மேல போட்டேன், வளைஞ்சு போச்சு. போனாப் போகுது, பொத்தல் விழல, உடையலன்னு அதையே பரிமாறினேன். மாப்பிள்ளையோட அக்கா ஒரு ரொட்டிய எடுத்துத் தலையில கவுத்துக்கிட்டா. ஐயோ, பொண்ண ரொட்டி சுடச் சொன்னா வீட்டுக்கு ஓடு செஞ்சு வச்சிருக்கா, மழைக்கு ஒழுகுமான்னு கேளுங்கன்னா. வாசல்ல நின்ன ஊரே சிரிச்சுது. எங்கப்பா சிரிக்கல. அதுக்கப்புறம் எங்க வீட்டுப் படிய எவனும் ஏறல.

— நீலவ்வா? அஞ்சாவது பாக்கி இருக்கு.

— சார், எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்.

— இந்தாங்க. குடிச்சிட்டுக் கேளுங்க.

— போதும் சார். நாலே போதும். கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவளுக்கே குடுத்துருங்க.

— வேரக் காணாம எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனே. சிவப்புச் சீட்டக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கறேன்.

— உக்காருங்கக்கா. நீங்க ஆசைப்பட்டுக் கேட்ட ஜோடிதானே? அன்னைக்கு என் மூஞ்சிய நீங்க பாக்கல, முக்காடு போட்டுத் தலையக் குனிஞ்சிருந்தேன். இன்னைக்கு நிமிந்துதான் இருக்கேன். கண்ணப் பாத்துப் பேசச் சொன்னீங்க, பாக்கறேன். கேளுங்க.

— சிவலீலா... அம்மாடி...

— அம்மாடி வேணாம். ஏன்னு கேளுங்க.

— அன்னைக்கே... அந்தப் பொம்பளைய அன்னைக்கே ஏன் நாலு கேள்வி கேக்காம விட்ட?

— வெளிய போறப்ப அந்தப் பொம்பளை திரும்பி வந்து, வழியில சாப்பிட மிச்ச ரொட்டியக் கட்டிக் குடுன்னா. பசின்னு கை நீட்டறவங்கள எப்படிக்கா திட்டறது? நானே துண்டுல வச்சு முடிஞ்சு குடுத்தேன். பன்னெண்டு. ஒண்ணு கூட உடையலதானே?